கூழ்ப் பானையைச் சுற்றி

(ஆடிப்பிறப்பு மாலை சங்க மண்டபத்தில் நிகழ்த்திய பேச்சு)



மண்டபத்தின் பின்பக்கத்தில் அடுப்பு மூட்டியாயிற்று. பயறு வறுத்த மணம் இங்கே வரைக்கும் வருகிறது. இப்படியான வேளையில் நீண்ட பிரசங்கம் செய்பவரை எவரும் மன்னிப்பதில்லை. செயலாளர் தம்பி எமக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார். கூழ் இறக்க இன்னும் அரைமணித்தியாலம் ஆகும் என்று அடுப்படியில் நிற்பவர்கள் சொன்னார்கள். ஆகையால் கணக்குச் சரி.

ஆடிப்பிறப்பு என்றவுடன் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாட்டு உங்களுக்கு ஞாபகம் வரும். 1878 இல் பிறந்து 1953 இல் மறைந்த அப்பெரியாரைத் தங்கத் தாத்தா என்று சொல்வது வழக்கம். கூழையும் கொழுக்கட்டையையும் பாட்டாக்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாயில் வைத்துவிட்டுப் போனவர் அவர். நாமும் பாலர் வகுப்பில் அப்பாட்டைக் கைதட்டிப் பாடியவர்கள்தாம். அதைப்பற்றிப் பேசத் தகுந்த பண்டிதர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய தொழிலில் நாம் கைவைக்கவில்லை.

நாம் பேச எழுந்தது இன்று கிண்டப்படும் இனிப்புக் கூழைப் பற்றியுமன்று. அரிசிமா, பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் என்று வருடத்தில் ஒரு நாள் பட்டுடுத்தி வருகிற கூழ் அது. மற்ற நாட்களில் எங்கள் வீடுகளில் வயிற்றை நிரப்பியது அதன் ஏழைத் தமக்கையான ஒடியற்கூழ். அதைப்பற்றியும், அதைக் காய்ச்சிய எங்கள் அம்மாவைப் பற்றியும், நாம் மிகவும் காலம் தாழ்த்தி அறிந்துகொண்ட ஒரு சங்கதியைப் பற்றியும் சொல்ல விரும்புகிறோம்.

ஒடியல் என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைகள் இப்போது வந்துவிட்டார்கள். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் பேரன் ஒருவன், அது ஏதோ மரப்பட்டை என்று நினைத்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. காய்ந்த ஒடியலைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

எங்கள் வளவின் பின்பக்கத்தில் இருபது இருபத்தைந்து பனைகள் நின்றன. ஆவணி, புரட்டாதியில் பழம் விழத் தொடங்கும். இரவில் தொப்பென்று சத்தம் கேட்டால் பாயில் படுத்தபடியே எத்தனையென்று எண்ணுவோம். விடியுமுன் ஓடிப்போய்ப் பொறுக்காவிட்டால் அயல்வீட்டு மாடு முந்திவிடும். பழத்தைச் சுட்டுச் சூப்பினால் முகமெல்லாம் மஞ்சள். களியைப் பிசைந்து எடுத்து ஆச்சி பணியாரம் சுடுவார். மிச்சத்தைப் பாயில் ஊற்றி ஊற்றிக் காயவிட்டுப் பனாட்டாக்குவார். கொட்டைகளை எறிவதில்லை. மண்ணைக் கூட்டிப் பாத்தி கட்டி அடுக்குவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை முளைத்துக் கீழே கிழங்கு இறங்கும். தையிலும் மாசியிலும் பாத்தி வெட்டுகிற நாள் எங்களுக்குப் பெருநாள். கொட்டையைப் பிளந்து உள்ளேயிருக்கும் பூரானைத் தின்பதற்காகவே நாங்கள் மண்வெட்டியின் பின்னால் திரிவோம்.

கிழங்கை இரண்டாகக் கிழித்துப் பச்சையாகக் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை உரலில் இடித்து அரித்தெடுத்த மா, பானைக்குள் பத்திரமாக இருக்கும். நெல் மூடை வீட்டில் இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பானை வெறுமையாக இருந்ததை நாம் கண்டதில்லை.

இனிக் கூழ் காய்ச்சும் விதம். இங்கே சில தாய்மார் இப்போதே சிரிக்கிறார்கள். எங்களுக்குக் காய்ச்சத் தெரியாது, பார்த்ததுதான் என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஒடியல்மாவிலே ஒரு கசப்பு உண்டு. அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து, திரும்பவும் நீர்விட்டு வடித்து அம்மா அந்தக் கசப்பைப் போக்குவார். முற்றத்தில் மூன்று கல்லு வைத்துப் பெரிய மண்பானையில் உலை ஏற்றுவார். ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்குத் துண்டு எல்லாம் அதற்குள் போகும். மச்சம் தின்கிற நாளானால் மீன்தலை, இறால், நண்டு. சங்க மண்டபத்தில் நண்டின் பெயரைச் சொன்னதற்குப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் அது மரக்கறிக் கூழாகவே இருந்தது என்பதையும் சொல்லி வைக்கிறோம். எல்லாம் அவிந்தபின் மாவைக் கரைத்துவிட்டு, செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, உப்பு, புளி. கடைசியில் இரண்டு கை முருங்கையிலை. அந்த இலை விழுந்ததும் எழும்புகிற மணம் இருக்கிறதே, அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் படிப்பில் இருந்ததில்லை.

குடிப்பதற்குக் கோப்பை கிடையாது. எங்கள் தம்பி பலாமரத்தில் ஏறி இலை பறித்துப் போடுவான். அதைக் கோலி ஈர்க்கினால் குத்தி ஆளுக்கொன்று. பெரியவர்களுக்குப் பனையோலைப் பிளா. எல்லோரும் பானையைச் சுற்றி முற்றத்து மண்ணில் இருப்போம். அம்மா பானையடியில் ஒரு பலகைக் கட்டையில் இருந்துகொண்டு சிரட்டை அகப்பையால் வார்ப்பார். சூட்டில் நாக்கு வெந்துபோகும். மூக்கால் தண்ணீர் ஓடும். தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு, இன்னும் இன்னும் என்று இலையை நீட்டுவோம். ஐயா தோட்டத்துக் கதை சொல்வார். புகையிலைக்குத் தண்ணீர் கட்டியது, வெங்காயத்துக்குக் கொழும்பில் என்ன விலை என்று அவருக்கு வேறு கதை இல்லை. ஆனாலும் கூழ் நாளில் அதுவும் சுவையாக இருந்தது. அம்மா இடைக்கிடை ஐயாவைப் பகிடி பண்ணுவார். மற்ற நாட்களில் அவர் அப்படிப் பேசி நாம் கேட்டதில்லை.

நாங்கள் பிள்ளைகள் அறுவர். ஆச்சியோடு சேர்த்து வீட்டில் ஒன்பது பேர். கூழ் எப்போது என்று அறுவரும் அம்மாவை நச்சரிப்போம். புட்டையும் சோற்றையும் நாம் அப்படிக் கேட்டதாக ஞாபகமில்லை.

எமக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, 1966 மார்கழியில், தலைக்கு வாரம் இரண்டு கொத்தாக இருந்த கூப்பன் அரிசி ஒரு கொத்தாகக் குறைந்தது. அந்த ஒரு கொத்தை இலவசமாகவே கொடுத்தார்கள். இலவசம் என்று பத்திரிகையில் பார்த்து நாம் மகிழ்ந்தோம். ஒன்பது வயிறு உள்ள வீட்டில் மற்றக் கொத்துக்கு என்ன செய்வது என்பது பத்திரிகை வாசித்த பையனுடைய கவலையாக இருக்கவில்லை. அந்த வருடம் எங்கள் வீட்டில் கூழ் அடிக்கடி வந்தது. கிழமைக்கு இரண்டு நாள், சில கிழமையில் மூன்று நாள். அம்மாவுக்கு எங்கள் மேல் பட்சம் கூடிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒரு பிடி அரிசியும் ஒரு பானைத் தண்ணீரும் ஒன்பது பேருக்குப் பசி தீர்க்கும் வித்தை அது என்பது பிறகுதான் விளங்கியது. 1973, 74 ஆம் ஆண்டுகளில் பாண் கடை வாசலில் விடியப்புறமே மக்கள் வரிசையாய் நின்ற காலத்திலும் அந்தப் பானையே வீட்டைக் காத்ததாகக் கடிதம் வந்தது. அப்போது நாம் கொழும்பில் எழுதுவினைஞர், அறைச் சாப்பாடு. கடிதத்தை வாசித்துவிட்டுக் கூழுக்காக ஏங்கினோமே தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை.

அதற்கும் இருபது வருடத்திற்குப் பின் நடந்ததைப் பெரியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாலிபர்களில் பலர் அப்போது பிறக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நடந்தது. மழை வேறு. நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்குப் போகிற வீதியில் அடி வைக்க இடமில்லை. எழுபது வயது அம்மாவைச் சைக்கிளின் பின்னால் இருத்தி உருட்டிக்கொண்டு நாம் நடந்தோம். விடிந்தும் நடந்தோம். கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையின் மூலை கிடைத்தது. அதே அறையில் ஆறு குடும்பம். யாருக்கும் யாரையும் தெரியாது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எந்த ஊரென்று தெரியாத ஒரு கிழவியார் தம் மூட்டையை அவிழ்த்தார். நகை இருக்கும் என்று நாம் நினைத்தோம். அரை மூடை ஒடியல்மா! வீட்டை விட்டு ஓடுகிற இரவில் அவர் தூக்கிவந்த பொருள் அதுதான். யாரோ ஒரு கிடாரம் கொண்டுவந்தார்கள். தென்மராட்சியில் பலா இலைக்கும் முருங்கைக்கும் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்து விளையாட்டு மைதானத்தில் கூழ் காய்ந்தது. நண்டுமில்லை, மீனுமில்லை, உப்பும் கொஞ்சம் குறைவு. குசினி இல்லாதபடியால் குசினிக்குள் நிற்கவேண்டிய பெண்களும் இல்லை. ஆணும் பெண்ணும் பிள்ளையுமாய் ஐம்பது அறுபது பேர் ஈர மண்ணில் வட்டமாய் இருந்து குடித்தோம். அங்கே எங்கள் அம்மா இலையை நீட்டி, “எனக்கு இன்னும் கொஞ்சம் வாருங்கோ” என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாற்பத்துநாலு வருடத்தில் அன்றுதான் முதன்முதல் கேட்டோம். குளிர் என்று நினைத்தோம். பசி என்று நினைத்தோம். அதற்கு மேல் நினைக்கவில்லை.

அம்மா 2003 இல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு கண்டி வீதி திறந்துவிட்டிருந்தபடியால் வெளிநாட்டிலிருந்த எங்கள் தம்பியும் வந்துசேர முடிந்தது. முப்பத்தோராம் நாள் கிருத்தியம் முடிந்து பந்தல் கழற்றிய பிறகு சகோதரங்கள் விறாந்தையில் இருந்து பழைய கதை பேசினோம். அம்மாவின் கைச்சாப்பாட்டில் எது மறக்க முடியாதது என்று தம்பி ஒரு பேச்சைத் தொடக்கினார். அண்ணை நண்டுக் கூழ் என்றார். தம்பி குரக்கன் புட்டும் மாம்பழமும் என்றார். அக்கா ஆச்சியையும் சேர்த்துக்கொண்டு, மத்தியானத்துச் சோறும் மிச்சக் கறிகளும் சட்டியில் குழைத்துக் கையில் உருட்டித் தந்ததைச் சொன்னார். நாமும் கூழ் என்றோம். முருங்கையிலை மணத்தைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே பேசினோம்.

எங்கள் தங்கச்சி தேத்தண்ணித் தட்டத்தோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஓய்ந்த பிறகு அவர் சொன்னார்: “கூழ் அண்டைக்கு மட்டுந்தான் அம்மா எங்களோடை இருந்து சாப்பிட்டவ.”

அவ்வளவுதான். உரத்துச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை.

அன்பர்களே, எங்கள் வீட்டில் யாரும் கொடியவர்கள் அல்லர். ஐயா அம்மாவை ஒரு நாளும் அதட்டியதில்லை. “இஞ்சாரும், நீரும் இரும்” என்று பலமுறை சொன்னவர்தாம். “நான் பிறகு சாப்பிடுறன், நீங்கள் சாப்பிடுங்கோ” என்று அம்மா சொல்வார். நாங்கள் சாப்பிட்டுவிட்டு எழும்பிவிடுவோம். அந்தப் ‘பிறகு’ எத்தனை மணிக்கு வந்தது, வந்தபோது சட்டியில் என்ன இருந்தது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்தோமா? இல்லை. புட்டுக்கும் சோற்றுக்கும் பரிமாற ஒருவர் நிற்கவேண்டும். நிற்பவர் முதல் பந்தியில் இருக்க முடியாது. கூழுக்கு முதல் பந்தி, கடைப் பந்தி என்று இல்லை. ஆறினால் அது கூழல்ல. ஆகையால் வார்க்கிறவரும் கூடவே இருந்து குடித்தே ஆகவேண்டும். கூழ் நாளில் வீடு ஏன் அவ்வளவு கலகலப்பாக இருந்தது என்பதற்கு நாங்கள் நண்டுக் காலைக் காரணம் காட்டிக்கொண்டிருந்தோம்.

தங்கச்சி அன்று இன்னும் சில சொன்னார். கூப்பன் அரிசி குறைந்த காலத்தில், அரிசி அளக்கிறபோது அம்மா இரண்டு பேருக்குரியதை விட்டுவிட்டு அளப்பாராம். அந்த இரண்டாவது ஆள் யார் என்று அண்ணை கேட்டார். தங்கச்சி தட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவோடு குசினியில் நின்றவர் அவர்தான். ஒரே பாயில் படுத்து, ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாய் நடந்துபோன பிள்ளை. எங்களுக்கு இரண்டாம் முறை சோறு வந்தது எங்கேயிருந்து என்று முப்பத்தேழு வருடம் எங்களுக்குத் தெரியாது. எங்கள் விறாந்தையில் அன்று வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. தேத்தண்ணியும் ஆறிப்போயிற்று.

இதைச் சங்க மேடையில் சொல்லலாமா என்று நாம் பலநாள் யோசித்தோம். வீட்டுக் கதை வீட்டோடு இருக்கட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் 2022 இல் ஒன்று நடந்தது. எரிவாயுச் சிலிண்டருக்கு நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற வருடம். எங்கள் வீட்டிலும் சிலிண்டர் வெறுமை. மகன் பின்வளவில் மூன்று கல்லு வைத்தான். விறகு நாமே கொத்தினோம். 1978 இல் பனை அபிவிருத்திச் சபை உண்டாகிய பின் ஒடியல்மா பொதியாகவும் கிடைக்கிறது; பாத்தி கட்டவேண்டியதில்லை. மருமகள் தம் தாயாரிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுக் கூழ் காய்ச்சினார். நல்ல கூழ். பேரப்பிள்ளைகள் பலா இலையை ஒழுகவிட்டுக்கொண்டு சிரித்துச் சிரித்துக் குடித்தார்கள். நாம் கண்களை மூடிப் பழைய முற்றத்துக்குப் போய்விட்டோம். கண் திறந்தால் மருமகள் நின்றுகொண்டே வார்க்கிறார்.

“பிள்ளை, நீரும் இரும்” என்றோம்.

“நான் பிறகு குடிக்கிறன் மாமா.”

எமக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழும்பி அகப்பையைக் கையில் வாங்கினோம். அவர் பதறிப்போனார், மகனுக்கும் சங்கடம். எழுபத்தொரு வயதில் முதன்முதலாகக் கூழ் வார்த்தவர் காலிலும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார் என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம். ஆனால் மருமகள் இருந்து குடித்தார். அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குச் சட்டிகளை எல்லாம் நடுவில் வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி இருக்கிறோம். வேண்டியதை வேண்டியவர் எடுத்துக்கொள்கிறார். பேரன் கத்தரிக்காய்க் கறியைத் தொடுவதில்லை என்கிற உண்மை அதனால் வெளிப்பட்டுவிட்டது. அது வேறு வழக்கு.

கனடாவிலுள்ள தம்பிக்கு வருடாவருடம் ஒடியல்மா அனுப்புகிறோம். பனி கொட்டுகிற நாளில் அவர்கள் கார் நிறுத்தும் கொட்டிலுக்குள் கூழ் காய்ச்சுகிறார்களாம். அங்கே பலா இலை இல்லை, கடதாசிக் கோப்பை. தம்பியே வார்ப்பதாக அவருடைய மகள் எழுதியிருந்தாள். அவர் எங்களிடம் அதைச் சொல்லவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் தம்பி கையைக் காட்டுகிறார். ஒரு விஷயம் மட்டும். போன கிழமை ஆயத்தக் கூட்டத்தில், இன்றைய கூழை வாலிபர்கள் கிண்டுவது என்று தீர்மானித்தார்கள். மிகவும் சந்தோஷம். வார்ப்பது யார் என்று கேட்டோம். வழமைபோல மகளிர் பகுதியினர் என்று பதில் வந்தது. தலைவர் அவர்களிடம் தனியாகப் போய் ஒரு அனுமதி கேட்டோம். அவரும் சிரித்துக்கொண்டு தந்தார். மகளிர் எல்லோரும் போய் முதலில் பாயில் இருக்கட்டும். நாமும் எங்கள் வயதுக்காரர் நாலு பேரும் வார்க்கப்போகிறோம். கால்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மாவின் சிரட்டை அகப்பையை இந்தப் பைக்குள் கொண்டுவந்திருக்கிறோம். 1995 இல் அது வீட்டில் விடப்பட்டுப் போயிற்று. திரும்பி வந்தபோது கூரை இருக்கவில்லை. குசினிச் சுவரில் செருகியபடி அகப்பை இருந்தது. காம்பு மாத்திரம் புதிது. தங்கச்சி மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார். முதல் இலை அவருக்கு. அவர் இப்போது வேண்டாம், பிறகு என்று தலையை ஆட்டுகிறார். நீங்கள் பக்கத்திலிருப்பவர்கள் அவரைக் கையில் பிடித்து எழுப்பிக்கொண்டு வாருங்கள். தேங்காய்ப்பால் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, மணம் வருகிறது.